வீட்டில் நோயாளி, கல்லூரியில் வருகைப்பதிவு: பராமரிக்கும் மாணவருக்குத் துணை நிற்க பெங்களூருத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இது மாணவருக்காக எழுதியதல்ல. அவருக்கு உதவ முன்வரும் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி மென்டர், தெருவில் டியூஷன் எடுப்பவர் ஆகியோருக்காக எழுதியது. அப்பாவுக்கு டயாலிசிஸ், பாட்டிக்கு மறதி நோய், அம்மாவுக்கு மனநோய், அண்ணனுக்கு விபத்தில் முதுகுத்தண்டில் அடி என்று எதுவாக இருந்தாலும், சம்பளமில்லாத நர்ஸ் வேலை பல வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. அல்சூர், ஆஸ்டின் டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற நம்மவர் பகுதிகளில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் மருத்துவமனை கொடுக்கும் ஆங்கிலத் தாளைப் படிக்க அந்தப் பிள்ளையை விட்டால் ஆள் இருக்காது.

உதவ வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஒன்று, உடனே பணம் திரட்டுகிறார்கள். அல்லது ‘ஓராண்டு நிறுத்திவிட்டு அப்புறம் படி’ என்கிறார்கள். இரண்டும் பின்னால் வர வேண்டியவை. முதலில் வருகைப்பதிவைக் காப்பாற்ற வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம், விடுப்பு எடுப்பதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை இதை வைத்துத்தான் அமைந்தது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: இந்தப் பருவத்தின் கல்லூரி நாட்காட்டி, வகுப்பு நேர அட்டவணை, நோயாளியின் ஓபிடி புத்தகம், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்ப அட்டை, இருவரின் ஆதார், காகிதங்களை வைக்க ஒரு கோப்பு. நோயாளியின் பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மாணவரைச் சந்தியுங்கள். காது பக்கத்து அறையில் இருக்கும்போது யாராலும் யோசித்துப் பேச முடியாது.

1. யாரிடம் சொல்லலாம் என்று முதலில் கேளுங்கள்

கல்லூரியில் யாருக்கு என்ன தெரியலாம் என்பதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக நோயை வெளியே சொல்லத் தயங்காத குடும்பம் மனநோயையும் குடிநோயையும் மறைக்கும். ‘அம்மாவுக்கு உடல்நலமில்லை, தொடர் சிகிச்சை’ என்ற அளவோடு கடிதம் எழுத முடியும்; நோயின் பெயர் சான்றிதழில் இருந்தால் அதை மூடிய உறையில் துறைத் தலைவரிடம் மட்டும் கொடுக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு இது: நல்லெண்ணத்தோடு ஓர் ஆசிரியர் வகுப்பிலேயே ‘இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெண் உதவி கேட்கவே வரமாட்டாள். பொறுப்பான பிள்ளை என்ற பட்டம், ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லும் வாயை அடைத்துவிடும்.

2. ஒரு வாரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள்

ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, மாணவர் என்ன செய்கிறார் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இரவையும் சேர்த்து எழுத வேண்டும். படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். அதைச் செய்பவர் காலை ஒன்பது மணி வகுப்பில் தூங்கினால் அதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. ஏர் பெட் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அழுத்தம் குறையும், திருப்புகிற வேலை நிற்காது.

‘எனக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை’ என்று மாணவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மாத்திரை வாங்குவது, உணவைக் குழைப்பது, டயப்பர் மாற்றுவது, உறவினர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் கணக்கில் வேலையாகவே வராது. கட்டம் நிறைந்த பிறகுதான் எந்த மணிநேரம் வகுப்போடு மோதுகிறது என்று தெரியும்.

3. வருகை விதியை எழுத்தில் பெறுங்கள்

பராமரிக்கும் மாணவரின் படிப்பை முறிப்பது மதிப்பெண்ணைவிட வருகைக் குறைவுதான். ஒரு தாளில் தவறினால் அரியர் எழுதலாம். வருகை குறைந்தால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டிவரும், சில இடங்களில் ஓராண்டு போய்விடும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நாளில் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள். படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

கல்லூரி தன்னாட்சி பெற்றதா, பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று பாருங்கள். பொதுவாக 75 விழுக்காடு கேட்பார்கள். விடியு என்று நாம் சொல்லும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளில் விதி 85. தக்க காரணம் காட்டினால் 10 விழுக்காடு வரை தளர்த்துவார்கள். தன்னாட்சிக் கல்லூரியின் விதி அதன் மாணவர் கையேட்டில் இருக்கும். சீனியர் சொன்னதை நம்பாமல் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கோப்பில் வையுங்கள்.

அடுத்து, கணக்கு பாடவாரியாக நடக்கிறதா என்று கேளுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாரம் நான்கு மணி நேரம் உள்ள ஒரு பாடம் 15 வாரத்தில் 60 மணி நேரம் வரும். 75 விழுக்காடு என்றால் 15 மணி நேரம்தான் தவறலாம். டயாலிசிஸ் நாளின் காலை வகுப்புகள் இரண்டும் அதே பாடமாக அமைந்துவிட்டால் 30 மணி நேரம் போய்விடும். மற்றப் பாடங்களில் 90 விழுக்காடு இருந்தாலும் இந்த ஒரு பாடம் அவரை நிறுத்திவிடும். மொத்த விழுக்காட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது ஷார்ட்டேஜ் (வருகைக் குறைவு) பட்டியல் ஒட்டும் அன்றுதான் தெரியவரும். வாரத்துக்கு ஒருமுறை, பாடம் பாடமாக எண்ணச் சொல்லுங்கள்.

4. காகிதங்களைச் சேருங்கள்

கல்லூரிப் படிவங்களில் ‘மருத்துவக் காரணம்’ என்ற கட்டம் மாணவரின் சொந்த நோயை நினைத்து அச்சிட்டது. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினால் ‘நோய் உனக்கா, அவருக்கா?’ என்று எழுத்தர் கேட்பார். கேள்வி முரட்டுத்தனமானதுதான், ஆனால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் நோயையும் மகனின் விடுப்பையும் இணைக்கும் ஒரு வரி தேவை.

அந்த வரியை மருத்துவர் தர வேண்டும்: ‘இந்த நோயாளிக்குத் துணையாள் இல்லாமல் சிகிச்சைக்கு வர இயலாது, உடன் வருபவர் இவரது மகன் இன்னார்.’ அரசு மருத்துவமனையில் மருத்துவரை வரிசையில் நின்று பிடிப்பதைவிட மருத்துவ சமூகப் பணியாளரிடம் போவது எளிது. நிம்ஹான்ஸ், கித்வாய் போன்ற பெரிய இடங்களில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. பெயர், உறவு, எவ்வளவு காலம், எந்தெந்த நாள் என்ற நான்கும் அதில் வந்துவிட்டதா என்று வெளியே வருவதற்கு முன் பாருங்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஓபிடி புத்தகத்தில் தேதி முத்திரை விழ வேண்டும். விழுந்ததும் படமெடுக்கச் சொல்லுங்கள். பருவ முடிவில், வருகைக் குறைவைப் பரிசீலிக்கும் குழுவின் முன் வைக்கப்போவது அந்தத் தேதிகளைத்தான்.

உறவைக் காட்டும் சான்றில் நம்மவர்களுக்குச் சிக்கல் வரும். மகளின் கல்லூரிப் பதிவில் அப்பா பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். மருத்துவமனையில் வீட்டுப் பெயர் இருக்கும். ஆதாரில் வேறொரு எழுத்துக்கோவை இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் குடும்ப அட்டையையும் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. தெருமுனை கிளினிக்கில் காசு கொடுத்து, தனக்கே காய்ச்சல் என்று சான்றிதழ் வாங்கி வரும் வழக்கம் உண்டு. முதல் முறை அது செல்லுபடியாகும். பிறகு உண்மைக் காரணத்தோடு போகும்போது பழைய பொய்யும் கோப்பில் உட்கார்ந்திருக்கும். உண்மையான காரணம் இருப்பவருக்கு இந்தக் குறுக்குவழி எதற்கு?

5. விடுப்புக்கு முன் கடிதம் கொடுங்கள்

பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள், அல்லது நோய் தெரிந்த வாரத்திலேயே கடிதம் போக வேண்டும். ஷார்ட்டேஜ் பட்டியல் வந்த பிறகு கொடுக்கும் கடிதத்தை அலுவலகம் சாக்கு என்றே படிக்கும். முன்னதாகக் கொடுத்த கடிதத்தைத் தகவல் என்று படிக்கும். காரணமும் சான்றும் ஒன்றேதான், தேதிதான் வேறு.

ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘என் தந்தைக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை டயாலிசிஸ். உடன் செல்ல வீட்டில் வேறு பெரியவர் இல்லை. இந்தப் பருவத்தில் செவ்வாய், வியாழன் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வர இயலாமல் போகலாம். தவறும் ஆய்வக வகுப்பை வேறு பிரிவு மாணவர்களுடன் செய்ய அனுமதி வேண்டுகிறேன். வருகை குறைந்தால் இக்கடிதத்தையும் இணைப்புகளையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.’

‘தயவுசெய்து உதவுங்கள்’ என்று முடியும் கடிதம் எங்கும் நகராது, ஏனென்றால் அதில் ‘சரி’ என்று எழுத ஒன்றுமே இல்லை. ஆய்வகப் பிரிவை மாற்றுவது, இன்டர்னல் தேர்வுக்கு மாற்றுத் தேதி, அசைன்மென்ட்டுக்குக் கூடுதல் நாள், அவசர அழைப்புக்காகக் கைபேசியை அதிர்வில் வைத்திருக்க அனுமதி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இவற்றில் பலவற்றைத் துறைத் தலைவரே முடிவு செய்துவிட முடியும். முதல்வரிடம் போக வேண்டியதில்லை.

இரண்டு நகல் எடுத்துச் சென்று, ஒன்றில் முத்திரையும் இன்வர்டு எண்ணும் (அலுவலகம் கடிதத்தைப் பெற்ற பதிவு எண்) வாங்குங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்ன நல்ல மனிதர் பருவத்தின் நடுவில் மாற்றலாகிப் போவார்.

அதே நாளில் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். வருகைக் குறைவுக் குறுஞ்செய்தி யாருடைய எண்ணுக்குப் போகிறது? பெற்றோர் என்று பதிவானவர் படுக்கையில் இருக்கும் நோயாளியாக இருந்தால், எச்சரிக்கை முழுவதும் அவர் தலைமாட்டில் இருக்கும் கைபேசியில் விழுந்துகொண்டிருக்கும். உள்ளூர்க் காப்பாளராக அத்தையோ பெரியப்பாவோ பெயர் கொடுத்து எண்ணை மாற்றுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் அவரே போகலாம்.

கல்லூரி பதிலே சொல்லாவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதலாம். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு ஏற்கவில்லை என்றால் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு உண்டு. முதல் கடிதத்திலேயே இதைக் காட்டி மிரட்டாதீர்கள். தினமும் அதே ஆசிரியர் முகத்தில் விழிக்க வேண்டியவர் மாணவர்.

6. மருத்துவமனை நேரத்தை நகர்த்திப் பாருங்கள்

கல்லூரி அட்டவணை மாறாது என்று வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை அசைத்துப் பாருங்கள். இதை யாரும் கேட்பதேயில்லை. ஹீமோடயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் அளவில் நடக்கும். யூனிட்டுகள் ஷிப்ட் ஷிப்டாக ஓடுகின்றன. மாலை ஷிப்டில் ஓர் இடம் காலியாகும்போது தங்களுக்குத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அவ்வப்போது நினைவூட்டினால் கிடைக்கும். நான்கு மணி நேரமும் அட்டெண்டர் உட்கார வேண்டுமா, ஏற்றும்போதும் இறக்கும்போதும் இருந்தால் போதுமா என்றும் கேளுங்கள். பதிலைப் பொறுத்து ஒரு வகுப்பாவது தப்பும்.

கீமோவுக்கு மூன்று வாரச் சுழற்சி பரவலாக உள்ளது. அடுத்தடுத்த தேதிகள் முன்கூட்டியே தெரியும் என்பதால் இன்டர்னல் தேர்வுத் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, மோதும் இடத்தை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓரிரு நாள் தள்ளலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகத் தள்ளக் கூடாது.

மனநல சிகிச்சையில் மறுபரிசோதனை நாள் பெரும்பாலும் யூனிட்டைப் பொறுத்தது. நோயாளி நிலையாக இருக்கும் மாதங்களில் மாத்திரைச் சீட்டை நீண்ட இடைவெளிக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

7. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

இரண்டாம் படியில் போட்ட கட்டத்தை எடுத்துக்கொண்டு, படிப்பறிவு தேவைப்படும் வேலை எது, தேவைப்படாதது எது என்று பிரியுங்கள். மருத்துவரிடம் பேசுவது, காப்பீட்டுப் படிவம், மருந்தளவு மாற்றம் ஆகியவை மாணவருக்கே வரும். பஸ்ஸில் அழைத்துப் போவது, வரிசையில் நிற்பது, இரவு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் வேறு யாரும் செய்யலாம். மருந்துப் பெயர், வேளை, அடுத்த தேதி ஆகியவற்றைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் முதல் வகை வேலையும் பாதி குறையும்.

உறவினர்களிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். ‘மாமா, வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்து எட்டு வரை அப்பாவோடு உட்கார முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வருத்தப்படாமல் அடுத்தவரைக் கேட்கலாம். அண்ணன் வேலைக்குப் போகிறான் என்பதற்காகத் தங்கை கல்லூரியை விடுவது பல வீடுகளில் பேசாமலேயே முடிவாகிவிடுகிறது. உதவ வந்த நீங்கள் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்ன செய்கிறான்?

வெளியுதவியும் உண்டு. புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கருணாஷ்ரயா இலவசமாகப் பராமரிப்புத் தருகிறது, வீட்டுக்கும் வருகிறார்கள். மறதி நோய்க்கு நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டின் மையங்கள் இருக்கின்றன. முதுகுத்தண்டு அடி, உடல் ஊனம் என்றால் லிங்கராஜபுரத்தில் உள்ள ஏபிடி என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு. நாள்பட்ட மனநோய்க்கு நிம்ஹான்ஸின் மறுவாழ்வுப் பிரிவு, ரிச்மண்ட் ஃபெலோஷிப் சொசைட்டி. ‘பெற்றவரைக் கொண்டுபோய் விடுவதா’ என்று உறவில் யாராவது ஒருவர் பேசத்தான் செய்வார். அவருக்கு மேலே சொன்ன வியாழக்கிழமை வேலையைக் கொடுங்கள்.

8. அட்டைகளும் பணமும்

கர்நாடகக் குடும்பங்களுக்கான ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; ஏபிஎல் (அந்தக் கோட்டுக்கு மேல்) என்றால் செலவில் 30 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 1.5 லட்சம். அவசரம் தவிர மற்றவற்றுக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டு தேவை. அதை வாங்காமல் நேரே தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அட்டையை நீட்டுவதுதான் வழக்கமான தவறு.

ஆதாரும் குடும்ப அட்டையும் இன்னும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் முகவரியில் இருந்தால் இந்த வழி திறக்காது. பெண்களுக்கான இலவச பஸ் பயணமான சக்தி திட்டமும், 2023 ஜூன் 11 முதல் நடந்துவந்தாலும், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைத்தான் கேட்கிறது. அதற்காக அவசரப்பட்டு முகவரியை மாற்றிவிடாதீர்கள். தமிழ்நாட்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை வைத்துக் கிடைக்கிறது. இரு மாநிலத்திலும் அட்டை வைத்திருக்க முடியாது. சிகிச்சை எங்கே தொடரப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டுப் பிறகு முகவரிக்கு வாருங்கள்.

கல்வி உதவித்தொகையில் ஒரே எச்சரிக்கை: வருமானச் சான்றுக்கு நாடகச்சேரி எனப்படும் உள்ளூர் வருவாய்த்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் அந்த வரிசையில் நிற்க இந்த மாணவருக்கு நேரம் இருக்காது.

9. தேர்வு நாளுக்குத் தனித் திட்டம்

தேர்வு அறையில் கைபேசி இருக்காது. அந்த மூன்று மணி நேரத்துக்கு நோயாளியோடு ஒருவர், அவர் வராவிட்டால் இன்னொருவர் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு போன்றவை வந்தால் 108ஐ அழைத்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கோப்பின் மேலட்டையிலேயே இருக்கட்டும். தேர்வு முடியும்வரை மாணவரைத் தொடர்புகொள்ள முயலக் கூடாது என்று அந்த இருவரிடமும் மாணவர் முன்னிலையிலேயே பேசிவிடுங்கள். அப்போதுதான் அவர் கேள்வித்தாளைப் படிப்பார்.

முந்தின இரவு அவர் வேறு வீட்டில் தூங்க முடிந்தால் நல்லது.

10. மாணவரையும் பாருங்கள்

பேச்சு குறைவது, தலைவலி மாத்திரை பழக்கமாவது, நோயாளியின் மேல் எரிந்துவிழுந்துவிட்டு அழுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. இந்த மாணவர்களுக்குத் தனிமை கிடைப்பது நோயாளி தூங்கிய பிறகுதான் என்பதால் இரவில் இயங்கும் எண் தேவைப்படுகிறது. உயிரை விட்டுவிடலாம் என்பது போன்ற பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

11. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால்

மேலே உள்ளவை எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் படிப்பை நிறுத்தும் பேச்சை எடுக்கலாம். அதற்கும் முறை உண்டு. பருவத்தின் நடுவில் சொல்லாமல் வராமல் போவதுதான் மிக மோசமான வழி. கட்டணமும் போகும், மறுசேர்க்கையும் சிக்கலாகும். நடக்கும் பருவத்தை எப்படியாவது முடித்துவிட்டு, இடைவெளி கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அவசரத்தில் டிசி வாங்கிவிடாதீர்கள். அது கையில் வந்தால் சேர்க்கை முடிந்துவிட்டது என்று பொருள். மறுசேர்க்கைக்கு எவ்வளவு காலம் அனுமதி, பாடத்திட்டம் மாறினால் பழைய தாள்கள் என்னவாகும் என்று முதலில் கேளுங்கள். தேசிய கல்விக் கொள்கையின்படி ஓராண்டு முடித்தால் சான்றிதழ், மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. ஆனால் கர்நாடகம் 2024-25 கல்வியாண்டில் அந்த முறையை விட்டுப் பழைய மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பிவிட்டது. உங்கள் கல்லூரியில் எது நடப்பில் இருக்கிறது என்று அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

முற்றிலும் நிறுத்துவதற்கு முன் மாலைக் கல்லூரி, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), மைசூரில் உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றையும் பாருங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை நீட்டி முடிக்கலாம். பொறியியல், நர்சிங் மாணவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்களுக்கு இடைவெளியும் மறுசேர்க்கையும்தான். மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியை மாணவரின் கைபேசியில் மட்டுமல்லாமல் உள்ளூர்க் காப்பாளரின் கைபேசியிலும் உங்களுடையதிலும் அலாரமாக வையுங்கள்.